யாருக்கு எட்டும் அலமாரி?

வீட்டை அடுக்கித் தருவதற்கு இப்போது ஆள் கிடைக்கிறார்கள். சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெருநகரங்களில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. காலையில் இரண்டு மூன்று பேர் வருவார்கள். பீரோவில் இருக்கும் அத்தனை துணியையும் கட்டிலில் கொட்டுவார்கள். வேண்டும், வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூன்று குவியல். சமையலறையிலிருந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களும் பிஸ்கட் டின்களும் விடைபெறும். ஒரே அளவு, ஒரே மூடி கொண்ட கண்ணாடி டப்பாக்கள் வரிசை கட்டும். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய சாய்வெழுத்தில் ஆங்கில லேபிள். சாயங்காலம் புகைப்படம் எடுப்பார்கள்: வருவதற்கு முன் ஒன்று, வேலை முடிந்த பின் ஒன்று. இரவுக்குள் அது இன்ஸ்டாகிராமுக்குப் போய்விடும்.

படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக் காலை ஆறரை மணிக்கு அந்தச் சமையலறைக்குள் நுழையப்போவது யார்? பல வீடுகளில் வேலைக்கு வரும் அக்காதான் முதலில் நுழைவார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். இன்னும் சில வீடுகளில் கண்புரை விழுந்த மாமியார் நுழைவார். சாம்பல் நிறச் சாய்வெழுத்து அவருக்கு ஒரு கோடாகத்தான் தெரியும். பத்தாவது நாள் துவரம்பருப்பு டப்பாவில் கடலைப்பருப்பு உட்கார்ந்திருக்கும். “இவ்வளவு செலவு பண்ணி அடுக்கிவெச்சேன், ஒருத்தருக்கும் பொறுப்பில்ல” என்று வீட்டில் சத்தம் கேட்கும்.

பொறுப்பில்லாமல் போனது அடுக்கியவர்களுக்குத்தான் என்பேன். அந்த வீட்டில் யார் குனிவார்கள், யாரால் குனிய முடியாது, யாருக்கு எழுத்து தெரியும், யாருக்குப் பார்வை மங்கல் என்று அவர்கள் கேட்கவே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கும் ஏற்றபடி இந்தச் சேவையை மாற்ற வேண்டும் என்று சொன்னால், “அது ஸ்பெஷல் கேஸ், தனியா பார்க்கணும்” என்பதுதான் வழக்கமான பதில். தொழிலின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சிப்பாய்களிடமிருந்து சமையலறைக்கு

அந்த வரலாற்றைத் தேடிப்போனால், ஆரம்பத்தில் நிற்பவர்கள் முதல் உலகப்போரில் கையோ காலோ இழந்த சிப்பாய்கள்.

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்றொரு தம்பதி இருந்தார்கள். ஒரு வேலையைச் செய்ய உடம்பு எத்தனை அசைவுகளைச் செலவழிக்கிறது என்று சினிமா கேமராவில் பதிந்து, எண்ணி, தேவையற்றதைக் கழிப்பதுதான் அவர்கள் தொழில். ஆலைகள் அவர்களைக் கூலி மிச்சத்துக்காக அழைத்தன. போர்க் காலத்திலேயே இதே கணக்கை அவர்கள் வேறு பக்கம் திருப்பினார்கள். ஒரு கை மட்டும் உள்ளவர் இந்த வேலையைச் செய்ய மேசையும் கருவியும் எப்படி மாற வேண்டும்? 1920-ல் இருவரும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள்.

1924-ல் ஃபிராங்க் திடீரென்று இறந்துபோனார். லில்லியனிடம் பதினொரு பிள்ளைகள். ஒரு பெண் வந்து ஆலைக்கு ஆலோசனை சொல்வதா என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்த அவர், ‘பெண்களுக்கு உரிய இடம்’ என்று அந்தக் காலம் ஒதுக்கிவைத்த சமையலறைக்குள் தன் கணக்கைக் கொண்டுபோனார். (அவருக்கே சமையல் அவ்வளவாக வராது என்பது தனிக்கதை.) புரூக்ளின் எரிவாயு நிறுவனத்துக்காக 1920-களின் கடைசியில் அவர் வடிவமைத்த மாதிரிச் சமையலறையில் ஒரு சோதனை நடந்தது. பழைய அமைப்பில் ஸ்ட்ராபெர்ரி கேக் ஒன்றைச் செய்து முடிக்க 281 காலடி எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அவருடைய அமைப்பில் 45 காலடி போதும். மேடையின் உயரம் சமைப்பவரின் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான்.

1940-களின் இறுதியில் அவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பினார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மையத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஒற்றைக் கையால் சமைப்பவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஏற்ற சமையலறையை உருவாக்கினார். உட்கார்ந்தே வேலை செய்யலாம். தினமும் எடுப்பது கை நீட்டும் தூரத்தில் இருக்கும். கனமானதைத் தூக்க வேண்டாம், மேடைமேலேயே நகர்த்தலாம். இன்றைக்கு ‘ஸ்மார்ட் கிச்சன்’ என்று விற்கப்படும் யோசனைகள் சில இதய நோயாளிக்காக முன்பே யோசிக்கப்பட்டவை.

அதன் பிறகு தொழில் வேறு திசையில் ஓடியது. 1985-ல் லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டு ஒழுங்கமைப்பாளர்களுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. கொள்கலன்களை மட்டுமே விற்கும் கடைகள் பெருகின. 2011-ல் ஜப்பானில் மேரி கோண்டோவின் புத்தகம் வந்தது, 2019 புத்தாண்டு அன்று நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. மடித்து நிறுத்திவைத்த டீஷர்ட் உலகப் புகழ் பெற்றது. மூன்றாவது குழந்தைக்குப் பிறகு, வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கும் முயற்சியைத் தானும் ஏறக்குறையக் கைவிட்டதாக 2023-ல் கோண்டோவே சொன்னார். பலர் கேலி செய்தார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிய நாள் அதுதான்.

எட்டும் தூரம்

அமெரிக்கப் பொதுக் கட்டடங்களுக்கான விதிமுறை, சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் எல்லையைத் தரையிலிருந்து 15 அங்குலத்துக்கும் 48 அங்குலத்துக்கும் இடையில் வைக்கிறது. நாற்காலி முழுதாகத் திரும்ப 60 அங்குல வட்டம் வேண்டும். இந்த எண்களோடு நம் ஃபிளாட் சமையலறை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். மேடையே 32, 33 அங்குலம். அதற்கு மேல் இரண்டடி விட்டுத் தொடங்கும் அலமாரியின் அடித்தட்டு 56 அங்குலத்தைத் தொட்டுவிடும். அதற்கும் மேலே பரண். மேடைக்குக் கீழே கால் நுழைக்க இடம் இருக்க வேண்டிய மூலையில் கியாஸ் சிலிண்டர். சேமிப்பிடத்தில் பெரும்பகுதி அவருக்கு வெறும் சுவர்தான். ‘இடம் போதவில்லையா, சுவரில் மேலே ஏற்றுங்கள்’ என்பது வீடு அடுக்குபவர்களின் பால பாடம். இந்த வீட்டில் அந்தப் பாடம் இருக்கிற இடத்தையும் பறித்துவிடும்.

நம் ஊரில் இன்னொரு கூட்டம் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் அவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். அதற்கு முந்தைய தலைமுறைகளில் போலியோ தாக்கியவர்கள் இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். வெளியே சக்கர நாற்காலியோ காலிப்பரோ பயன்படுத்தினாலும், வீட்டுக்குள் தரையில் கை ஊன்றி நகர்பவர்கள் அவர்களில் நிறைய. அவர்களுக்கு அடுப்பு தரையில் இருக்க வேண்டும். அரிசி டின் தரையில் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். ‘தரையில் பொருள் இருந்தால் வீடு அசிங்கம்’ என்ற கண்ணோடு ஒருவர் வந்து, எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் ஏற்றிவிட்டுப் போனால், அந்த வீட்டில் வசிப்பவர் அன்று இரவு ஒரு டம்ளர் எடுக்க யாரையாவது கூப்பிட வேண்டும்.

மூட்டுவாதம் உள்ள கைக்குக் காற்றுப்புகாத டப்பா பகை. நம்ம எவர்சில்வர் சம்படத்தின் இறுக்கமான மூடியும் அதே ரகம்தான். பரணைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் அதிகம் பலியாவது 60 வயதைக் கடந்தவர்கள். நவராத்திரிக்கு முதல் வாரம் கொலுப்படியை இறக்க, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நிற்கும் பாட்டிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஒரே நாளில் வீட்டைப் புரட்டிப்போடும் சேவையைவிட, நவராத்திரிக்கு முன் அரை மணி நேரம் வந்து படியை இறக்கி, பத்து நாள் கழித்துத் திரும்ப வந்து ஏற்றிவைக்கும் சேவை அந்தப் பாட்டிக்கு அதிகம் உதவும். அப்படி ஒன்றை யாரும் விளம்பரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

பார்வையற்றவரின் வீடு வேறு உலகம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு வாரம் அங்கே பாடம் படிக்கலாம். நமக்கு ஒரு பொருள் இடம் மாறினால் எரிச்சல் வரும், தேடுவோம். அவருக்கு இடம் மாறிய பொருள் தொலைந்த பொருள். கத்தரிக்கோல் எப்போதும் மூன்றாவது இழுப்பறையின் வலது மூலை. உப்பு பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. நீலச் சட்டைக் காலரின் உள்பக்கம் ஒரு சேஃப்டி பின். ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும் இரண்டு மாத்திரை அட்டைகளில் ஒன்றை உறைக்குள் வைப்பார், மற்றதை வெளியே வைப்பார். பேசும் லேபிள்களும் வந்துவிட்டன: டப்பாவில் ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டி, அதன்மேல் பேனா போன்ற கருவியை வைத்து “ரசப்பொடி, தீபாவளிக்கு அரைச்சது” என்று சொன்னால் போதும், அடுத்த முறை பேனா பட்டதும் அந்தக் குரல் கேட்கும். பிரிட்டனின் பார்வையற்றோர் நிறுவனம் 2009-ல் இந்தப் பேனாவைக் கொண்டுவந்தது. பேசுவது நம் குரல் என்பதால் மொழிச் சிக்கலே இல்லை.

ஒரே அளவு, ஒரே வடிவ டப்பாக்கள்தான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. ஹார்லிக்ஸ் பாட்டிலில் காபித்தூள், நீள டின்னில் ரவை, உருண்டைச் சம்படத்தில் புளி என்று ‘அலங்கோலமாக’ இருந்தபோது கைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதை அழகு என்ற பெயரில் சமன் செய்துவிட்டால் பதினாறு டப்பாவையும் திறந்து முகர வேண்டும்.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை யாராவது வடிவமைப்புக் கல்லூரியில் பாடமாக வைக்க வேண்டும். ஒரு மூடி, திருகல் கிடையாது. திறந்தால் எல்லாம் ஒரே வீச்சில். கடுகு நடுவில் என்றால் நாற்பது வருடமும் நடுவில்தான். லேபிளே இல்லாததால் எழுத்தறிவு தேவையில்லை, பார்வையும் கட்டாயமில்லை. மணமும் விரலும் போதும். நான் பார்த்த ‘முன், பின்’ படங்களில், முன் படத்தில் இருந்து பின் படத்தில் காணாமல் போகும் முதல் பொருள் பெரும்பாலும் அதுதான்.

காதுகேளாதவர்களைப் பொறுத்தவரை தடை வாசலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று ஒரு செல்பேசி எண் மட்டும் போட்ட விளம்பரம் அவரை வெளியே நிறுத்திவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் செலவு ஒன்றுமில்லை. வந்த பிறகும், அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு “இது வேணுமாம்மா?” என்று கேட்காமல், முகம் பார்த்துப் பேச வேண்டும்.

மூடிய கதவும் திறந்த தட்டும்

உடம்புத் தேவைகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன. மனம் சம்பந்தப்பட்டவற்றை வீட்டார் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: சோம்பேறி.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜூடித் கோல்பெர்க் என்ற ஒழுங்கமைப்பாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சில வாடிக்கையாளர்களிடம் வழக்கமான முறைகள் எதுவுமே நிற்பதில்லை. படித்தவர்கள், வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் வீடு மட்டும் வாழ்நாள் முழுக்கக் கலைந்தே கிடக்கிறது, எத்தனை புத்தகம் படித்தாலும் திரும்பத் திரும்பக் கலைகிறது. இதை அவர் நாள்பட்ட ஒழுங்கின்மை என்று பெயரிட்டு அழைத்தார். இதை ஆராய அவர் தொடங்கிய குழுதான் வளர்ந்து, ஒழுங்கமைப்பாளர்களுக்கு இதற்கென்றே பயிற்சி தரும் நிறுவனமாக இருக்கிறது. இவர்களில் பலருக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவுச் சிக்கல் இருப்பது பின்னாளில் தெளிவானது.

ஏடிஹெச்டி உள்ளவருக்குக் கண்ணில் படாதது நினைவிலும் இருக்காது. மூடிய கதவுக்குப் பின்னால் வைத்த மின்கட்டண ரசீது அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இல்லை. துணியைப் பீரோவில் வைக்கக் கதவைத் திற, ஹேங்கரை எடு, மாட்டு, தொங்கவிடு, மூடு என்று ஐந்து படி என்றால் மூன்றாவது படியில் மனம் வேறெங்கோ போய்விடும். துணி நாற்காலிக்குப் போய்விடும். சுவரில் ஓர் ஆணி அடித்தால் ஒரே படி. கதவைக் கழற்றிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து டப்பா வாங்கத் தேவையில்லை. ஸ்க்ரூ டிரைவர் போதும்.

இவர்களுக்கு உதவும் இன்னொரு முறை, கூடவே ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது. வேலை செய்ய வேண்டாம், அறிவுரை வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருந்தாலே தொடங்கிய வேலையை முடிக்கிறார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து, மணிக்கணக்கில் கட்டணமும் வாங்குகிறார்கள். நம் ஊரில் பக்கத்து வீட்டு மாமி வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒரு மூட்டை முருங்கைக்கீரை ஆய்ந்து முடிந்துவிடும். அடுக்குமாடியில் அந்த மாமி இல்லை. அதை ஒரு சேவையாகத் தர யாராவது முன்வந்தால் நான் சிரிக்க மாட்டேன்.

ஆனால் ‘கதவைக் கழற்று’ என்பதை எல்லா வீட்டுக்கும் மருந்தாக எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆட்டிசம் உள்ள பலருக்குத் திறந்த தட்டு வேதனை. அத்தனை நிறமும் அத்தனை எழுத்தும் ஒரே நேரத்தில் கண்ணைப் பிடித்து இழுக்கும். பார்வையில் கூட்டமாகப் படும் பொருள்கள் மூளையில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதை பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். எல்லோருக்கும் உள்ளதுதான், சிலருக்குத் தாங்க முடியாத அளவில். இப்போது வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஏடிஹெச்டி, எதுவும் கண்ணில் பட வேண்டும். மகனுக்கு ஆட்டிசம், எதுவும் கண்ணில் படக் கூடாது. இது அபூர்வமும் இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பத்தில் அடிக்கடி சேர்ந்து வருபவை. அங்கே வேலை என்பது பேச்சுவார்த்தை. அம்மாவின் பொருள்கள் அவர் அறையில் திறந்த தட்டில் இருக்கும். கூடத்தில் எல்லாத் தட்டுக்கும் ஒற்றை நிறத் திரை தொங்கும், திரைக்கு உள்பக்கம் அம்மாவுக்கான பட்டியல் ஒட்டியிருக்கும். மகனுக்கு முன்கூட்டியே படம் போட்டுச் சொல்ல வேண்டும்: செவ்வாய்க்கிழமை இரண்டு அக்காக்கள் வருவார்கள், உன் கார் பொம்மைகளைத் தொட மாட்டார்கள், பினாயில் வாசனை வராது. அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

பொருள் சேர்க்கும் கோளாறு இன்னும் நுட்பமானது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பில், 2013-ல், இதைத் தனிக் கோளாறாகவே சேர்த்தது. அதற்கு முன்பு இது எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) ஒரு கிளையாகக் கருதப்பட்டது. பழைய பேப்பர், பால் கவர், உடைந்த மிக்ஸி, காலி மருந்துப் பாட்டில் எதையும் விட முடியாது. விட நினைத்தாலே உடம்பு பதறும். பிள்ளைகள் செய்வது என்ன? அப்பா ஊருக்குப் போன நேரம் பார்த்துக் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். போகியைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. திரும்பி வந்த அப்பா உடைந்துபோவார். பிள்ளைகள் மேல் இருந்த நம்பிக்கை அத்தோடு தீரும். ஒரு வருடத்தில் வீடு மறுபடி நிறையும். கட்டாயப்படுத்திக் காலி செய்வது நிலைக்காது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்த்த அனுபவம்.

வீட்டு ஒழுங்கமைப்பாளர் இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எங்கே நிறுத்துவது என்பது. அறை எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்று மதிப்பிட, ராண்டி ஃபிராஸ்ட், கெயில் ஸ்டெக்கட்டி முதலான ஆய்வாளர்கள் உருவாக்கிய படவரிசை ஒன்று இருக்கிறது. கூடம், சமையலறை, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படங்கள். உங்கள் அறை எந்தப் படம் என்று காட்டினால் போதும். எழுத்தே தேவையில்லாத இந்தக் கருவியைத் தமிழ்நாட்டில் நாளைக்கே பயன்படுத்தலாம். ஒரு கட்டத்துக்கு மேல் போனால் அது மனநல மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் 1984-லிருந்து மனநல மறுவாழ்வில் இருக்கிறது.

மறதி நோய் உள்ளவர் வீட்டிலோ, சிறந்த சேவை பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நோயின் தொடக்கத்தில் பெயர்களும் தேதிகளும் நழுவினாலும், பழகிய கை பழகிய இடத்துக்குப் போகும். முப்பது வருடமாகக் காபி டம்ளர் இருந்த தட்டிலிருந்து அதை ‘வசதியான’ இடத்துக்கு மாற்றினால் அவரிடம் மிச்சமிருந்த ஒரு வழியையும் அடைத்தாயிற்று. கழிவறைக் கதவில் ஒரு படம் ஒட்டலாம். வேட்டி இருக்கும் தட்டின் கதவை எடுத்துவிடலாம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு திரவப் பாட்டில்களில் குடிக்கக் கூடாததைப் பூட்டலாம். அதற்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது.

யார் செய்வது, யார் கொடுப்பது

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பேராசிரியர் சாரா சாண்டன் தொடங்கிய ஒரு திட்டம் உண்டு. பெயர் கேப்பபிள். ஏழை முதியவர் வீட்டுக்கு மூன்று பேர் போகிறார்கள்: ஒரு செவிலியர், ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வீட்டுப் பழுது பார்க்கும் ஒருவர். ஏறத்தாழ ஐந்து மாதத்தில் பத்து வருகை வரை. முதல் கேள்வி, “உங்களால் செய்ய முடியாமல் போனதில் எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?” என்ற பொருளில் இருக்கும். ஒருவர் தானே குளிக்க வேண்டும் என்பார். இன்னொருவர் படியிறங்கிக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பார். அந்த ஆசைக்கு ஏற்றபடி கைப்பிடி பொருத்துவார்கள், தட்டை இறக்குவார்கள், ஆடும் படியைச் சரி செய்வார்கள். முந்நூறு பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது: அன்றாட வேலைகளில் இருந்த சிரமம், திட்டம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஐந்து மாதத்தில் 30 சதவீதம் குறைவு. ஒருவருக்கு ஆன செலவு சுமார் 3,000 டாலர். மிச்சமான மருத்துவச் செலவு அதைப்போல் பல மடங்கு.

அந்த மூவரில் வீட்டைச் சரிசெய்பவருக்கு, மற்ற இருவருக்கு இணையான இடம் உண்டு. நம்மிடம் மூன்று பேரும் இருக்கிறார்கள், தனித்தனியாக. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள், பிசியோதெரபிஸ்டுகளும் போகிறார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவரும் நோக்கம் கொண்டது. கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பன்முகக் குறைபாடுடையோர் நிறுவனத்திலும், ஒருவர் வீட்டுக்குள் எப்படி நடமாடுவார் என்று சிந்திக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை கொடுக்கப் போகும் தன்னார்வலர் இருபது நிமிடம் உட்கார்ந்து, தினமும் எடுக்கும் பத்துப் பொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். பாதி வேலை அங்கேயே முடியும். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பு, பெண்களை வீட்டுப் பராமரிப்புப் பணிக்குப் பயிற்றுவித்து அனுப்புகிறது. நம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது எட்டாத வேலை இல்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அவர்கள் தினமும் பத்து வீட்டின் அலமாரியைத் திறப்பவர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம். 2016-ம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் வகையை ஏழிலிருந்து 21 ஆக விரித்ததால் உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். கடும் பாதிப்பு உள்ளவருக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு தனியார் ஒழுங்கமைப்பாளரை ஒரு நாள் கூப்பிட முடியாது. ஆஸ்திரேலியாவில் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் தேசிய மாற்றுத்திறனாளிக் காப்பீட்டில் வீட்டு வேலை உதவியும் ஒருவருக்கான ஆதரவின் பகுதியாகக் கணக்கில் வரும். இங்கே அந்த விவாதம் இன்னும் தொடங்கவில்லை.

எல்லாவற்றையும் அரசிடம் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. தனியார் நிறுவனங்கள் காசு செலவில்லாமல் மாற்றக்கூடியவை ஏராளம். எட்டு மணி நேர வேலையை இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரிக்கலாம். வலியும் களைப்பும் உள்ளவர் ஒரு நாள் முழுக்க ‘இது வேணுமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. லேபிளைத் தமிழில், தடித்த எழுத்தில், படத்தோடு ஒட்டலாம். புது டப்பா வாங்கச் சொல்லும் முன் பழைய டப்பா ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஆறு வாரம் கழித்து ஒருமுறை திரும்பிப் போகலாம்: எங்கே மறுபடி குவிந்திருக்கிறதோ அங்கே தவறு அமைப்பில் இருக்கிறது, மனிதரிடம் தேட வேண்டாம்.

புகைப்படம் விஷயத்தில் மட்டும் நான் கறார். ஒருவர் தன் வீட்டின் மிக வெட்கப்படும் மூலையைத் திறந்து காட்டுகிறார். அதில் மனநோய் மாத்திரை இருக்கும், பெரியவர்களுக்கான டயப்பர் இருக்கும், கடன் நோட்டீஸ் இருக்கும். அதை விளம்பரத்துக்கு எடுப்பதற்கு, சேவையை முன்பதிவு செய்தவர் ‘சரி’ என்று தட்டிய ஒரு டிக் போதாது.

முன்பதிவு செய்பவர் பல நேரங்களில் அந்த வீட்டில் வசிப்பவரே இல்லை. மகன் நியூஜெர்சியில். அம்மா மயிலாப்பூரில் தனியாக. அப்பா போன பிறகு வீடு ‘குப்பையாகிவிட்டது’ என்று வீடியோ அழைப்பில் பார்த்து வருந்தி, அங்கிருந்தே பணம் கட்டிவிடுகிறான். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் வந்து நிற்பவர்கள் யார் சொல்வதைக் கேட்பது? அம்மாவுக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பை வேண்டும். அதில் டார்ச், தைலம், விபூதி, பேரனின் பள்ளிப் படம், வங்கிப் புத்தகம். ராத்திரி கரண்ட் போனால் கை அங்கேதான் போகும். மகன் அனுப்பிய குறிப்பில் ‘பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் தூக்கிவிடவும்’ என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு பெயர் வேண்டும். பணம் கட்டுபவர் ஒருவர், முடிவு செய்பவர் அந்த வீட்டில் வசிப்பவர் என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும். மகனுக்குப் படம் வேண்டுமென்றால் அம்மாவே எடுத்து அனுப்பட்டும், பையையும் சேர்த்து.